இறுகாத ஆயில் போல்ட்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், உறுவையாறு கிராமத்தில் எங்கள் வீட்டு வாசலில் பழைய சாக்கை விரித்து, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நான் படுத்திருந்தேன். என் முகத்துக்கு எதிரே, வண்டியின் மறுபக்கத்தில், செங்கல்லில் போனைச் சாய்த்து வைத்திருந்தேன். அதில் என் கணவர் குவைத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வண்டி அவருடையது. நின்று நின்று துருப்பிடிக்கப் போகிறதே என்று நான் ஓட்டப் பழகி, வில்லியனூரில் நான் கணக்குப் பாடம் எடுக்கும் பள்ளிக்கு அதிலேயே போய்வரத் தொடங்கியிருந்தேன். ஆயில் மாற்ற மெக்கானிக்கிடம் விடப் போகிறேன் என்று சொன்னதும், "அவன் எதுக்கு? நான் சொல்லச் சொல்ல நீயே மாத்திடு. பத்து நிமிஷ வேல" என்றார். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

எஞ்சினின் அடிவயிற்றில் ஒரே ஒரு போல்ட். அதைக் கழற்றினால் பழைய ஆயில் வடிந்துவிடும். பதினேழாம் நம்பர் ஸ்பேனரை மாட்டினேன்.

"வலது பக்கம் திருப்பு."

"என் வலதா, உங்க வலதா?"

"இன்னா கேள்வி இது? வலதுன்னா வலதுதான்."

அவர் எனக்கு எதிர்ப்பக்கம் இருந்தார். ஆறாம் வகுப்புக்குக் கடிகாரத் திசை, எதிர்த்திசை என்று கரும்பலகையில் வட்டம் போட்டு வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் அந்த வட்டத்தைப் படுத்துக்கொண்டு, கீழேயிருந்து பார்க்க வேண்டி வந்ததில்லை. என் வலதுக்குத் திருப்பினேன். ஸ்பேனர் கொஞ்சம் அசைந்தது. "அய்யோ, அந்தப் பக்கம் இல்ல!" என்று போன் கத்தியது. மறுபக்கம் திருப்பினேன். அவ்வளவுதான், போல்ட் கையோடு வந்துவிட்டது. இவ்வளவு லேசாகவா வரும் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் ஆயில் கறுப்பாக முழங்கைவரை வழிந்துவிட்டது.

போல்ட்டைச் சுற்றி வெட்டியிருந்த மரையெல்லாம் நார் நாராக ஏதோ அழுக்கு ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் பளபளவென்று துடைத்தேன். புது வாஷர் போட்டு, திரும்ப மாட்டி, இறுக்கினேன். சுற்றியது. இன்னும் இறுக்கினேன். இன்னும் சுற்றியது. நிறுத்தினால்தான் நின்றது. இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். போல்ட் மறுபடி கையில் இருந்தது.

"மரை போயிடுச்சு" என்றார் கணவர். தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு, "சரி வுடு, நான் அப்புறம் கூப்புடுறேன்" என்று துண்டித்துவிட்டார்.

நான் எண்ணெய்க் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். முதலில் தப்பான பக்கம் திருப்பினேனே, அதில்தான் போயிருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு சின்னத் திருப்பலில் இரும்பு போல்ட் எப்படி எஞ்சினைக் கெடுக்கும்? பின்பு திருப்பியதுதான் தப்பா? எது வலது என்பதே எனக்கு அப்போது நிச்சயமில்லை.

மாமனார் வெளியே வந்து குனிந்து பார்த்தார். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

"இன்னாம்மா, ஓட்டையா? சோப்ப நல்லா கொழச்சி அடைச்சா நிக்கும்."

"எஞ்சின் சூடாவும் மாமா. சோப்பு உருகிடும்."

"அப்ப பாத்திரம் வெளக்குற சோப்பு?"

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் பள்ளி விடுமுறை. ஆயில் இல்லாமல் எஞ்சினை ஓட்டக் கூடாதென்று ஒரு லோடு ஆட்டோவில் வண்டியை ஏற்றி, வில்லியனூரில் ஒரு லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வழியில் ஆட்டோக்காரர், "எஞ்சின் அடிப்பக்கமே மாத்தணும் டீச்சர்" என்றார். லேத்துக்கு முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், "இன்னாத்துக்கு? வெல்டிங் வெச்சி மூடிடு" என்றார். மூடிவிட்டால் அடுத்த முறை ஆயிலை எப்படி எடுப்பது என்று கேட்டேன். அவரும் யோசித்தார்.

லேத்துக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். போல்ட் துளையில் விரலை விட்டுத் தடவிவிட்டு, "டேப் அடிக்கணும்மா" என்றார்.

"டேப்பா? அது நிக்குமா சார்?"

"ஏன் நிக்காது? டேப் அடிச்சி புஷ் போட்டா எஞ்சின் ஆயுசுக்கும் நிக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. குழாயில் சுற்றுகிற வெள்ளை டேப்பை வைத்து என் வண்டியை ஒப்பேற்றி அனுப்பப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அப்போதுதான் போல்ட்டில் நான் துடைத்தெடுத்த நார் ஞாபகம் வந்தது.

"அந்த டேப்பு ஏற்கெனவே இருந்துச்சுங்க. நான்தான் அழுக்குன்னு தொடச்சிட்டேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு மேசையிலிருந்து ஒரு கருவியை எடுத்துக் காட்டினார். உடம்பெல்லாம் கூர்மையான மரை வெட்டிய எஃகுத் தண்டு. "இதாம்மா டேப்பு. துளைக்குள்ள புதுசா மரை வெட்டறது. நீங்க சொல்றது குழாய் டேப்பு. அதுவா போல்ட்டுல சுத்தியிருந்துச்சு?"

"ஆமாம்."

"அப்ப இது உங்க கையில போவல. முன்னாடியே போயிருக்கு. யாரோ டேப்ப சுத்தி சொருவி வெச்சிருக்காங்க."

நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வண்டியை நான் தொடும் முன் தொட்டது ஒரே ஒருவர்தான்.

லேத்துக்காரர் துளையைப் பெரிதாக்கினார். டேப் முழுக்க கிரீஸ் பூசி, அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால் என்று மெதுவாக இறக்கினார். அலுமினியத் தூள் எஞ்சினுக்குள் விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளும் புறமும் மரை போட்ட இரும்பு வளையம் ஒன்றை அதில் இறுக்கமாகத் திருகினார். அதுதான் புஷ். மிச்சத் தூள் போக மேலிருந்து கொஞ்சம் ஆயில் ஊற்றி வடித்தார். பழைய போல்ட் அந்த வளையத்துக்குள் ஏறி, ஒரு இடத்தில் கெட்டியாக நின்றது. புது ஆயில் நிரப்பி, வண்டியை ஓட்டியே வீட்டுக்கு வந்தேன். வாசலில் அட்டை விரித்து நிறுத்தினேன். ஒரு சொட்டும் இல்லை.

ஞாயிறு நான் கோயிலில் பூசை முடிந்து வந்ததும் கணவர் கூப்பிட்டார்.

"ஏங்க, போல்ட்டுல டேப் சுத்துனது யாரு?"

"இன்னா டேப்பு?" என்றார். பிறகு, "ம்" என்றார். பிறகு சொன்னார். புறப்படுவதற்கு முந்தின வாரம் அவரே ஆயில் மாற்றியிருக்கிறார். அளவுக்கு மேல் இறுக்கியதில் மரை போய்விட்டது. பட்டறையில் விட நாள் இல்லை. டேப்பைச் சுற்றி மாட்டிவிட்டார்.

"லீவுல வந்து பாத்துக்கலாம்னு நெனச்சேன்."

"அப்ப என்னை ஏன் கழட்டச் சொன்னீங்க?"

"டேப்பு சுத்துனதே மறந்துபோச்சு. நீ கழட்டுனப்பதான் ஞாபகம் வந்துச்சு."

மெக்கானிக் வேண்டாம் என்று அவர் சொன்னது, மறந்ததாலா, மறக்காததாலா? முகத்தைப் பார்த்தேன். படம் நின்று நின்று வந்தது. கண்டுபிடிக்க முடியவில்லை.

"இதுபோல அவசரத்துல செஞ்சிட்டுப் போனது வேற எதுனா இருந்தா இப்பவே சொல்லுங்க" என்றேன்.

யோசித்தார். "தோட்டத்துக் கதவு. கீலுக்கு ஸ்க்ரூ புடிக்கல. குச்சி சொருவி அடிச்சிருக்கேன். அத பாத்து தொற."

அந்தக் கதவு முந்தின ஐப்பசி மழையிலேயே கழன்று என் பாதத்தில் விழுந்தது. நகம் பெயர்ந்து பத்து நாள் நொண்டினேன். தச்சரை வரவழைத்துப் புதுக் கீல் போட்டேன். தூரத்தில் இருப்பவர் பதறுவாரே என்று நானும் அவரிடம் சொல்லவில்லை, மாமனாரையும் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கதவு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

அந்த நேரத்தில் அதை ஏன் மறைத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. அவர் நிம்மதியாகி, சாப்பிட்டாயா என்று கேட்டார்.