ஏழாம் பாத்தி

எங்கள் தெருமுனையில், போரில் இறந்த பதினான்கு பேரின் பெயர் பொறித்த நினைவுக்கல் நிற்கிறது. அதைச் சுற்றிப் பெயருக்கு ஒன்றாகப் பதினான்கு பாத்திகள். தண்ணீர் ஊற்றுவது தெருக்காரர்கள் எல்லோரும். ஆட்சி மட்டும் தையல்காரம்மாவுடையது. தைப்பது பள்ளிச் சீருடை, பேசுவது போலீஸ் பேச்சு. "சொந்தக்காரங்க வந்துட்டா பாத்தி அவங்களுக்கு" என்பது அவர் போட்ட சட்டம். மூன்றாம் பாத்தியை நான் இரண்டு வருடம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். இறந்தவரின் மகன் இங்கே குடிவந்த அன்றே தையல்காரம்மா என் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கி அவரிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

ஏழாம் பெயருக்கு யாருமே வரவில்லை. அதைத் தையல்காரம்மாவே எடுத்துக்கொண்டார். அவன் இருபத்திரண்டு வயதில் இறந்தான் என்று கல் சொல்வதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் பதினோரு வருடமாக, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, "எங்க பையனுக்கு இன்னிக்கு எட்டுப் பூ" என்று பீற்றிக்கொள்வார். மண்வெட்டி வைக்கும் கொட்டகையின் வெளிப்பலகையில் பாத்தி எண், பெயர், உறவு எல்லாம் துணியில் கோடு போடும் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். ஏழுக்கு நேரே உறவுக் கட்டம் மட்டும் காலி.

போன மாதம் ஒரு காலையில், ஒரு பெரியவர் வந்து ஏழாம் பெயரைத் தடவிக்கொண்டு நின்றார். தம்பியாம். 'மாட்டினியா' என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். தையல்காரம்மா பூவாளியை அவரிடம் நீட்டினார்.

"இந்தாங்க. இனி இது உங்க பாத்தி."

கொடுத்த பிறகும் பிடியை விட அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. என் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை.

பெரியவர் செவ்வந்திகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "எங்கண்ணனுக்குப் பூன்னாலே ஆகாதும்மா. தும்மித் தும்மியே வீட்டை ரெண்டாக்கிடுவான்."

"ஐயோ! பதினோரு வருசமா தும்ம வச்சிருக்கேனே! அப்ப என்னதான் பிடிக்கும்?"

"பச்சை மிளகாய். சோத்துக்குக் கடிச்சுக்கிட்டே இருப்பான்." பூவாளியைத் திருப்பி அவர் கையிலேயே திணித்தார். "நான் இருக்கிறது ரொம்ப தூரம். நீங்களே ஊத்துங்க."

"சொந்தக்காரங்களுக்குத்தான் பாத்தி. எனக்கு மட்டும் தனிச் சட்டமா?"

பெரியவர் பலகையைப் பார்த்தார். "அக்கான்னு எழுதிக்குங்க. அவன் இருபத்திரண்டுலயே நின்னுட்டான்ல."

தையல்காரம்மா உடனே சாக்பீஸை எடுத்து எழுதினார்.

இப்போது ஏழாம் பாத்தியில் மிளகாய்ச் செடிகள். மழையில் பலகை அழிந்தால், தையல்காரம்மா முதலில் எழுதுவது அந்த ஒரு கட்டத்தைத்தான்.