நின்றுகொண்டே வந்த முள்ளங்கிகள்

கண்டக்டர் மச்சான் ஓய்வு பெற்ற மறுநாள் காலை, என் அக்கா அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல இடம் இருக்கு" என்றாராம். அடுப்படியில் இருந்தது அவள் ஒருத்திதான்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் அல்ல, என் சித்தப்பாவின் மூத்த மகள். சித்தப்பாவுக்கு மூன்று பெண்கள். நடு மகளைத் தபால்காரருக்குக் கொடுத்தார்கள். கடைக்குட்டி தானாகப் பார்த்து ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள், அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பல் வலி என்று வெளியே சொன்னதில்லை, அவருக்குக் கை கொஞ்சம் முரடு. மூத்தவளுக்கு வாய்த்தவர் இந்தக் கண்டக்டர். முப்பத்து மூன்று வருடம் ஒரே வழித்தடம். ஏறிய ஆளை நடுவழியில் இறக்கி விட்டதில்லை, கை காட்டிய ஆளை ஏற்றாமல் போனதில்லை என்பது அவருடைய பெருமை. ஒரு தடவை கட்டிலோடு வந்தவரையும் ஏற்றிக்கொண்டார். ஏற்றியது மட்டுமா, அந்தக் கட்டிலில் நான்கு பேரை உட்காரவும் வைத்துவிட்டார்.

ஓய்வுக்குப் பிறகு வீடே பஸ் ஆகிவிட்டது. விசிலைக் கழுத்தைவிட்டுக் கழற்றவில்லை. குக்கர் ஒரு விசில் அடித்தால், "யாரு இறங்கணும்?" என்பார். இரண்டு அடித்தால் "ரைட்!" என்று கத்துவார். அக்கா கையில் இருக்கும் கரண்டி எகிறும்.

"தம்பி, இந்த மனுசனுக்கு வெளிய எதாவது வேலை பாத்துக் குடுடா. இல்லன்னா நான் எங்கயாவது பஸ் ஏறிப் போயிடுவேன். அதுலயும் இவரே வந்து டிக்கெட் கேப்பாரு."

அப்படி நான் பார்த்துக் கொடுத்ததுதான் அந்தப் பாத்தி.

எங்கள் தெரு முனையில் நூலகத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, தெருக்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை பயிர் வைக்கச் சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வருவார். ஞாயிற்றுக்கிழமை சமையல் வகுப்பு, அதற்கு ஹோட்டலில் வேலை பார்த்த ஒரு மாஸ்டர். சட்டம் ஒன்றே ஒன்றுதான். பருவத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தன் பாத்தியில் விளைந்ததை ஒரு கிலோவாவது சமையல் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பாத்தி வரிசையில் நிற்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அந்த அடுத்த ஆள், எங்கள் தெருத் தையல்காரர். தினமும் அளவு டேப்போடு வந்து மச்சானின் பாத்தியை அளந்து பார்ப்பார். "நீளம் சரியா இருக்கு. இடுப்புலதான் கொஞ்சம் பிடிக்குது" என்று பெருமூச்சு விடுவார்.

முதல் சனிக்கிழமை டீச்சர் மச்சானுக்கு ஒரு பாக்கெட் முள்ளங்கி விதை கொடுத்தார்.

"சார், விதைக்கு விதை அரைச் சாண் இடைவெளி விடுங்க."

மச்சான் அந்த இடைவெளியைக் குனிந்து பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், இதுக்குள்ள மூணு பேர் நிக்கலாமே!"

இடைவெளியே விடாமல் பாக்கெட் முழுவதையும் பாத்தியெங்கும் போட்டுவிட்டார். முன்மூலையில் மட்டும் ஒரு முழச் சதுரம் விட்டு, அதன் நடுவில் ஒரே ஒரு விதை வைத்தார். அது என்ன என்று கேட்டேன்.

"டிரைவர் சீட்டு மாப்ள. அங்க யாரும் நிக்கக் கூடாது. டிரைவர்கிட்ட பேச்சுக் குடுக்கவும் கூடாது."

ஒரே வாரத்தில் பாத்தி பாய் விரித்தது போலப் பச்சையாகிவிட்டது. மச்சானுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமை டீச்சர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"நெருக்கியடிச்சா கிழங்கு பருக்காது சார். முக்கால்வாசியப் பிடுங்கிப் போட்டுடுங்க."

"ஏறி உக்காந்தவங்கள நடுவழியில இறக்கி விடுறதா? முப்பத்து மூணு வருசத்துல நான் செய்யாதது டீச்சர் அது."

"சார், இது முள்ளங்கி."

"யாரா இருந்தா என்ன? பாக்கெட்ட வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அத்தனை பேருக்கும் நான்தான் பொறுப்பு."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்துப் பாத்தித் தக்காளியைப் பார்த்தேன்.

அக்காவுக்கு அந்த இரண்டு மாதமும் நல்ல காலம். மச்சான் காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். அடுப்படியில் நாற்காலி போட்டு, கால் நீட்டி, ரேடியோ கேட்டுக்கொண்டே காய் நறுக்குவாள். "போன சீட்டு திரும்பக் கிடைச்சிருக்குடா தம்பி" என்பாள்.

கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள், மச்சான் முடிவெட்டப் போன நேரம் பார்த்து, நானும் அக்காவும் போய் ஒரு செடியைப் பிடுங்கினோம். மேலே முழ நீளத்துக்கு இலை. கீழே வெள்ளையாக ஒரு நூல். தையல்காரர் அதை ஊசியில் கோத்துப் பொத்தான் தைக்கலாம்.

அக்கா அந்த நூலையே பார்த்தாள். "போச்சுடா. திங்கக்கிழமைல இருந்து மறுபடியும் ரைட்டு."

கடைக்கு ஓடினேன். நல்ல முள்ளங்கியாக ஒன்றரை கிலோ வாங்கி, மறுநாள் காலை மச்சானின் பையில் துண்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். வைத்தது சரி, கட்டியிருந்த ரப்பர் பேண்டை எடுக்க மறந்துபோனேன்.

நானும் அக்காவும் கூடப் போயிருந்தோம். வகுப்பில் மச்சான் பையைத் திறந்து, ரப்பர் பேண்டைச் சுண்டிப் பார்த்தார்.

"மாப்ள, இவங்கெல்லாம் யாரு?"

"உங்க பாத்தி ஆளுங்கதான் மச்சான்."

"என் பாத்தியில ஏறின ஒவ்வொருத்தர் மூஞ்சியும் எனக்குத் தெரியும். இவங்க டிக்கெட் இல்லாம வந்தவங்க. இறக்கு!"

இறக்கினேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கூட்டமே பாத்திக்குக் கிளம்பியது.

மச்சான் பிடுங்கப் பிடுங்க நூல் நூலாக வந்தது. சாக்கின் மேல் முந்நூறு நானூறு நூல் சேர்ந்தது. சமையல் மாஸ்டர் ஒன்றை எடுத்துப் பார்த்து, "இத வச்சுப் பல்லு குத்தலாம்" என்றார். தராசில் வைக்கவே மாட்டேன் என்றுவிட்டார். இலை கணக்கில் வராது என்றும் சொல்லிவிட்டார். தையல்காரர் டேப்பை உதறிக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

மிச்சம் இருந்தது முன்மூலைச் செடி ஒன்றுதான். மச்சான் அதைத் தொடவில்லை.

"டிரைவர் சீட்டுல இருக்கிறவர எப்படி எழுப்புறது?"

எல்லாரும் ஆளுக்கொன்று சொல்லிப் பார்த்தார்கள். மச்சான் அசையவில்லை. அப்போதுதான் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க, வண்டி ஸ்டாண்டுக்கு வந்து சேந்துடுச்சு. இனிமே டிரைவரும் இறங்கித்தானே ஆகணும்?"

மச்சானுக்கு அது நியாயம்தான் என்று தோன்றியிருக்க வேண்டும். ஒரு விசில் அடித்தார். இலையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நான் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். இருவரும் மல்லாந்து விழ, எங்கள் மேல் வந்து விழுந்தது என் முன்னங்கை பருமனில் ஒரு முள்ளங்கி!

மாஸ்டர் தராசில் வைத்தார். தொள்ளாயிரத்து முப்பது கிராம்.

"எழுபது குறையுது" என்றார் தையல்காரர். அளவு விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

அக்கா முகம் வாடியது. மச்சான் முகம் வாடவில்லை. சாக்கிலிருந்த நூல்களின் இலையைக் கிள்ளிவிட்டு, பிடி பிடியாக அள்ளித் தராசில் போட்டார்.

"வண்டி நடுரோட்டுல நின்னு போனா யாருய்யா தள்ளுவாங்க? பயணிங்கதான்!"

மாஸ்டருக்கே சிரிப்பு வந்து, போகட்டும் என்று விட்டுவிட்டார். முள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. கடைசிப் பிடியில் ஒரு கிலோவைத் தாண்டிப் போய் நின்றது. மச்சான் இரண்டு விசில் அடித்தார்.

"ரைட்!" என்று கத்தியது அவர் இல்லை, அக்கா.

அன்றைக்கு மாஸ்டர் அந்தப் பெரிய முள்ளங்கியை வில்லை வில்லையாக அரிந்து, பூண்டு போட்டு வதக்கி எல்லாருக்கும் கொடுத்தார். மச்சான் தொடவில்லை. "கூட வேலை பாத்தவரு" என்று சொல்லிவிட்டு வெறும் இலையைத் தின்றார்.

தையல்காரர் வாசலில் டேப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றார். மச்சானால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஏன் அங்கயே நிக்குறீங்க? ஏறி வாங்க. பாத்தியில கொஞ்சம் தள்ளிக்கிட்டா ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு" என்றார்.

இப்போது பாதிப் பாத்தி தையல்காரருடையது. அவர் டேப் பிடித்து, சாக்பீஸில் புள்ளி வைத்து, புள்ளிக்கு ஒரு விதை போடுகிறார். அந்த இடைவெளியில் இன்னும் மூன்று பேர் நிற்கலாம் என்று மச்சான் சண்டை பிடிக்கிறார். சண்டை முடிந்து வீடு வந்து சேர மதியம் இரண்டு மணி ஆகிறது. அக்காவுக்கு இரண்டு மணி நேரம் கூடுதல் லாபம்.

போன வாரம் நான் போயிருந்தேன். அடுப்படியில் அக்கா தனியாகக் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். குக்கர் இரண்டு விசில் அடித்தது.

"ரைட்" என்றாள் அக்கா, தன்னையறியாமல்.

திரும்பி என்னைப் பார்த்தாள். கரண்டியை நீட்டி, "வெளிய சொன்னே, பாரு" என்றாள். இதைச் சொல்லாமல் எப்படி இருப்பது?