மூன்றாம் தடவை கட்டிய பூ

இந்தப் பயணம் நான் ஆசைப்பட்டுப் போனதல்ல. கோபத்தில் போனது. சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கிழமையில் என் மகன் குமார் போன் எடுத்தான். "அம்மா, முகாம மூடிட்டாங்க. கவர்மெண்ட்ல வாடகைக்குக் கொடுத்த காசும் நின்னுபோச்சு. நாங்க மேல வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கோம். வெள்ளிக்கிழம அம்மன்கிட்ட பூக்கட்டிப் பார்க்கிறோம், நீங்களும் வாங்க" என்றான். மேல் வீடு என்றால், போன கார்த்திகையில் மலை சரிந்து எங்கள் லயத்தின் வரிசை வீடுகளை மூடியதே, அந்த மண்ணின் ஓரத்தில் சுவர் வெடித்து நிற்கிற வீடு. மகன், மருமகள், ஆறு வயசுப் பேத்தி மூன்று பேரும் அதில் போய்ப் படுக்கப் போகிறார்கள், அதுவும் அடுத்த மழை வரப் போகிற நேரத்தில். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

போன வருஷம் கதிர்காமம் போனதை எழுதியபோது எந்த பஸ், எவ்வளவு காசு என்று நிறையப் பேர் கேட்டீர்கள். அந்த விபரம் இதிலும் இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் மிச்சக் காசில் எந்தக் கொண்டக்டரும் இதுவரை என்னை ஏமாற்றியதில்லை. தோட்டத்தின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். காரணம் கீழே வரும்.

பூக்கட்டிப் பார்ப்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வாழை இலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ வைத்து ஒரே மாதிரிப் பொட்டலமாகக் கட்டி, அம்மன் காலடியில் போட்டு, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். எங்கள் தோட்டத்தில் கல்யாணம், வீடு எல்லாவற்றுக்கும் இதுதான். போன கார்த்திகையில் நிலம் வெடித்து, ஊற்றுத் தண்ணீர் சேறாக வந்தபோது அதிகாரிகள் வந்து சிவப்புப் பலகை நட்டார்கள். "எல்லாரும் இறங்குங்க" என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். எங்கே இறங்குவது என்று கேட்டால் மறுபடியும் அதையே கத்தினார்கள். மூன்று தலைமுறை லயத்தில் இருந்த பிறகு, மேல் வீடு கட்ட மட்டும் கிடைத்த ஏழு பேர்ச் துண்டு நிலம் அது. விட்டுப் போனால் திரும்பக் கிடைக்காது என்ற பயம் எங்களுக்கு. அதனால் அம்மனிடம் கேட்டோம். வெள்ளை வந்தால் இருப்பது, சிவப்பு வந்தால் இறங்குவது.

சிவப்பு வந்தது. பிள்ளையின் கை ஈரம் என்று சொல்லி மறுபடி கட்டினார்கள். திரும்பவும் சிவப்பு. என் வீட்டுக்காரர்தான் "இன்னொரு தடவ கட்டுங்க, வேற பிள்ளைய எடுக்கச் சொல்லுங்க" என்றார். மூன்றாம் தடவை வெள்ளை வந்தது. எல்லோரும் கை தட்டினோம். அந்தக் கிழமையே மலை வந்தது. நான் மேல் வீட்டில் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். லயத்தில் இருந்த என் வீட்டுக்காரரை இன்னும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு குண்டசாலையில் மகள் வீட்டில் இருக்கிறேன். கோயில் பக்கம் போகவில்லை. விளக்கு வைக்கவில்லை. 'இருங்கள்' என்று வெள்ளையைக் கொடுத்துவிட்டு மலையைத் தள்ளிவிட்டவளுக்கு நான் ஏன் எண்ணெய் வாங்க வேண்டும்? விதி என்று ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர்களையும் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு குண்டசாலையில் பஸ் ஏறினேன். ஏழேகாலுக்குக் கண்டி. கூட்ஸ்ஷெட் பஸ் நிலையத்தில் மாத்தளை பஸ் அடிக்கடி இருக்கிறது. வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், காலை வெயில் படும், குளிருக்கு நல்லது. அக்குறணைக்கு நூறு ரூபாய்க்குள்தான். கட்டுகஸ்தோட்டையில் நெரிசல் என்றால் ஒரு மணித்தியாலம் பிடிக்கும்.

அக்குறணை கடைத்தெருவில் இறங்கினால் ஆட்டோ வரிசையாக நிற்கும். தாடி வைத்த ஒரு டிரைவர் வந்தார்.

"எங்கம்மா போகணும்?"

"மேல் கணக்குக் கோயிலுக்கு." எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவை அப்படித்தான் சொல்வார்கள்.

"அங்க ரோட்டு ஒடஞ்சி ஈக்கி. பாலத்தடி மட்டும்தான் போக ஏலும். ஆயிரத்தி ஐந்நூறு தாங்க."

"நான் என்ன வெள்ளக்காரியா?"

"அல்லாவே, அம்மா காலையிலேயே கோவமா ஈக்கிறீங்களே. சரி, ஆயிரத்தி எரநூறு. ஏறுங்க."

எட்டு கிலோமீற்றர். பாதி தூரம் நல்ல பாதை, மீதி குழி. ஒரு வளைவில் அவர் கையை நீட்டி, "அண்டைக்கி நாங்களும் மண் அள்ள வந்த. எங்கட பொம்பளைகள் சோறு ஆக்கி அனுப்பின. ஒங்கட யாரும் மவுத்தா?" என்று கேட்டார். செத்தது என் வீட்டுக்காரர் என்றேன். அதற்குப் பிறகு குழிகளில் அவர் மெதுவாக விட்டார்.

பாலத்தடியில் இருந்து அரை மணி நேரம் ஏற்றம். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதை இருக்கிறது, முழங்கால் வலி உள்ளவர்கள் கம்பு கொண்டு போங்கள். ஏறி முடித்ததும் சரிவு தெரியும். மலையைக் கத்தியால் சீவியது போலச் சிவப்பாக இருக்கும். உச்சியில் யாரோ ஹோட்டல் கட்ட வெட்டிய தட்டையான இடமும் தெரியும். அதை வெட்டியவன் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

அந்த மண்ணின் மேலே கொழும்பில் இருந்து வேனில் வந்த இளசுகள் கூட்டம் ஒன்று நின்றது. வடை தின்றுகொண்டு படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்து, "ஆச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க" என்றாள்.

"நீ நிக்கிறது என் வீட்டுக் கூரை மேல. கீழ என் புருஷன் இருக்கார். யாரு தள்ளி நிக்கணும்?" என்றேன். வடையைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கிப் போனார்கள். தோட்டத்தின் பெயரை எழுதாதது இதற்குத்தான், படம் பிடிக்க இன்னும் ஆட்கள் ஏறி வரக் கூடாது.

கோயில் சரிவுக்கு இந்தப் பக்கம், ஒரு ஓடுகூட விழாமல் நிற்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. தன் கூரையை மட்டும் காப்பாற்றிக்கொண்டாளே! குமார், மருமகள் மாலா, பேத்தி டில்ஷி, பூசாரி நாலு பேரும் உள்ளே இருந்தார்கள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.

"செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்கம்மா" என்றான் குமார்.

"அவ மூஞ்சியப் பார்க்க நான் வரல. உன் மூஞ்சியப் பார்க்க வந்தேன்."

"என்னக்கா, இன்னும் கோவம் போகலியா?" என்றார் பூசாரி.

"தானாப் போறதுக்கு அது என்ன காய்ச்சலா?"

பூசாரி இரண்டு பொட்டலத்தையும் கட்டி அம்மன் காலடியில் போட்டார். குமார் பிள்ளையைக் கூப்பிட்டான். டில்ஷி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தூணோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் எடுக்க மாட்டேன். எனக்கு செவப்புதான் வரும். என் கை சரியில்ல."

அன்றைக்கு இரண்டு தடவையும் எடுத்தது இவள்தான். கை சரியில்லை என்று தள்ளி நிறுத்தியதும் நாங்கள்தான். குமார் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ எடு. செவப்பு வந்தா மறுபடி கட்டிக்கலாம், தாத்தா கட்டச் சொன்ன மாதிரி" என்றான்.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. பொட்டலம் இரண்டையும் என் கை அள்ளிவிட்டது.

"உங்கப்பன் கேட்டது போதாதா? அவ ரெண்டு தடவ போ போன்னு சொன்னா! நாமதான் விடல. நமக்குப் பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் அவளைக் கேட்டுக் கேட்டு வாயப் புடுங்கினோம். இப்ப நீ நாலாவது தடவ கேட்கப் போறியா?"

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. இத்தனை மாதம் நான் அந்தக் கடைசி வெள்ளைப் பூவை மட்டும் பிடித்துக்கொண்டு அவளைத் திட்டியிருக்கிறேன். முதலில் வந்த சிவப்பு இரண்டையும் யாருக்கும் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. எங்களைச் சாக விடுகிறவள் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் இரண்டாம் தடவையும் சொன்னாள்.

"அம்மா, நீங்க செருப்போட நிக்கிறீங்க" என்றாள் மாலா மெதுவாக.

கழற்றினேன். பிறகு அப்படியே உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே அவளைத் திட்டவும் செய்தேன், 'இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாமே' என்று. டில்ஷியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டேன். "செவப்பு எடுத்த கைதான் சரியான கை. இங்க இருக்கிற அத்தன பேர்லயும் உனக்கு மட்டும்தான் அம்மன் சொன்னது கேட்டுச்சு" என்றேன். அவள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

குமார் விடவில்லை. "அப்ப எங்க போறதும்மா? இந்த ஏழு பேர்ச்ச விட்டா எனக்கு என்ன இருக்கு?"

"தங்கச்சி வீட்டுக்கு வா."

"மச்சான் வீட்டுல போய் நான் எப்படிப் படுக்கிறது? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உங்கப்பனும் ரோஷக்காரர்தான். அந்த மண்ணுக்கு அடியில ரோஷமாத்தான் கிடக்கார். நீயும் போய்ப் பக்கத்துல படு. பிள்ளைய மட்டும் என்கிட்ட கொடுத்துடு."

அவனுடைய முகம் செத்துவிட்டது. நான் சொன்னது கொடுமைதான். ஆனால் மாலா எழுந்து, முகாமில் இருந்து கொண்டுவந்த சாமானை வைத்திருந்த மேல் வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து படியில் வைத்தாள். அடுத்து பிள்ளையின் பள்ளிக்கூடப் பை. அவள் மூன்றாம் தடவை போகும்போது குமாரும் எழுந்து பின்னால் போனான். நான் கற்பூரம் கொளுத்தினேன். பொட்டலங்களைப் பிரிக்காமலே ஓடையில் விட்டேன். உள்ளே எது இருந்தது என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

இரண்டு மணிக்கு இறங்கினோம். மகள் வீடு சேரும் வரை மகன் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, பக்கத்துச் சீட்டில் இருந்தான். திங்கட்கிழமை இரண்டு பேரும் மாற்றுக் காணி கேட்டு அலுவலகத்துக்குப் போகிறோம். நாளைக்கு வாருங்கள் என்று சொன்னால் அங்கேயே கதிரையில் உட்காரும் உத்தேசத்தில் இருக்கிறேன். சாப்பாடும் கட்டிக்கொண்டு போவேன்.

சொந்தக்காரர்களைப் பார்க்க இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஆட்டோக்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வரப் பாலத்தடியில் வண்டி கிடைக்காது. தண்ணீர் கொண்டு போங்கள். மத்தியானத்துக்குப் பிறகு பனி மூடும். முதல் நாள் மழை பெய்திருந்தால் போகவே வேண்டாம். சிவப்புப் பலகை உள்ள இடத்தில் குடியிருக்கிறவர்கள் அதிகாரியோடு சண்டை போடுங்கள், காணி கேட்டுக் கத்துங்கள், ஆனால் கீழே இறங்கி நின்றுகொண்டு கத்துங்கள்.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. மலையை வெட்டியவன் மேல், முகாமை மூடியவர்கள் மேல், என் வீட்டுக்காரர் மேல், அவள் மேலும்தான். ஆனால் வருகிற வெள்ளிக்கிழமை விளக்கு வைப்பேன். ராத்திரி நான் சொல்வதை முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?