எச்சில் கப்பும் என் ஜிப் ஃபைலும்

தென்காசியில் அந்த பிரவுசிங் சென்டர்காரர் வெற்றிலை எச்சிலை டீக்கப்பில் துப்பி, உதட்டைத் துடைத்த விரலாலேயே மவுஸைப் பிடித்தார். எனக்குக் குமட்டியது. ஆனால் மகளின் போட்டோக்களை மாப்பிள்ளை வீட்டுக்கு உடனே அனுப்பியாக வேண்டும். பென் டிரைவில் இரண்டு ஜிப் ஃபைல்கள். எது அவளுடையது என்று மறந்துவிட்டது. இன்னொன்றில், குற்றாலத்தில் கோமணத்தோடு நான் எண்ணெய் மசாஜ் செய்துகொண்ட படங்கள். மாறிப் போனால் சம்பந்தம் காலி.

அவர் முதல் ஃபைலைத் திறக்கப் போனார். “திறக்காதீங்க!” என்று அலறினேன்.

“எதுக்குப் பதறுதீய அண்ணாச்சி? திறக்கவே வேண்டாம். ஃபைல் மேல மவுஸ லேசா வச்சா, இந்த சாஃப்ட்வேர்ல உள்ள இருக்க படம் ஸ்கிரீன் ஓரத்துல சின்னதா தெரியும்.”

தெரிந்தது. எல்லாப் படத்திலும் எண்ணெய் வழியும் என் தொப்பை.

அவர் அவசரமாக டீக்கப்பை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டார்.

“கொமட்டுது அண்ணாச்சி. மத்தத அனுப்புதேன்.”

இன்றும் அந்தக் கடையைத் தாண்டும்போது எனக்குக் குமட்டுகிறது. என்னைப் பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் போல. உடனே கப்பைத் தேடுகிறார்.