மகளுக்கு எதிராக நான் வைத்த நேர்த்தி

பிள்ளையார் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். பிள்ளையார் எனக்குத் தந்ததை மேடையில் ஏறிச் சொல்லச் சொன்னார்கள். எனக்கு மைக்கைக் கண்டால் கால் நடுங்கும், அதனால் எழுதித் தருகிறேன்.

1996ஆம் ஆண்டு ஐப்பசியில், என் ஒரே மகள் தர்சினி பதினாறு நாட்கள் என்னோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே குசினி. நான் கேட்டால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அந்தப் பதினாறு நாளும் நான் செத்துப் பிழைத்தேன். இந்தத் துன்பத்தை எனக்கு வேறு யாரும் தரவில்லை. நானே பிள்ளையாரிடம் கேட்டு வாங்கியது.

அப்போது நாங்கள் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து, வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். எனக்குப் பாண் சுடுகிற பக்டறியில், பையில் போட்டுக் கட்டுகிற பக்கிங் வேலை. தர்சினி டவுன்ரவுனில் யூனிவர்சிற்றி இரண்டாம் வருடம். பஸ்சும் சப்வேயுமாகப் போய், வகுப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடுவாள். படிப்பும் வீடும் தவிர வேறு நினைப்பில்லாத பிள்ளை என்று வேலையிடத்தில் எல்லோரிடமும் பெருமையடிப்பேன்.

புரட்டாதி மாதம் ஒருநாள் ஒரு தாளோடு வந்து நின்றாள். சொறோரிட்டி ஒன்றில் சேரப் போகிறாளாம்.

"அதென்ன சாமான்?" என்றேன்.

"பெட்டையள் மட்டும் சேருற சங்கம், அம்மா. யூனிவர்சிற்றிக்குக் கிட்ட அவை இருக்கிறதுக்கு அஞ்சு வீடுகள் இருக்கு. மூண்டு நாள் வீடு வீடாய்ப் போவம். அவை எங்களோடை கதைச்சுப் பாத்து, ஆரை எடுக்கிறதெண்டு முடிவெடுப்பினம்."

"தேத்தண்ணி தருவினமோ?"

"ஓம், பிஸ்கற்றும்."

"வடிவாய் உடுத்துக்கொண்டு போகவேணுமோ?"

"ஓம்."

"அப்ப பொம்பிளை பாக்கிறதெண்டு சொல்லன். என்னை ஒரு வீட்டுக்காரர்தான் வந்து பாத்தவை. உன்னை அஞ்சு வீட்டுக்காரர் பாக்கப் போயினமோ?"

என் மனுசன், இவர், பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீடுகள் இருக்கு என்று சொன்னாளே, அது நெஞ்சில் மாட்டிக்கொண்டது. சேர்ந்தால் அங்கேயே போய் இருந்துவிடுவாள். பிறகு கிழமைக்கு ஒருக்கால், மாதத்துக்கு ஒருக்கால். எனக்கு இந்த நாட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். (இவர் இதை வாசித்தால் கோபிக்கக் கூடாது.)

அடுத்த நாள் வேலை முடிந்ததும் இவரைக் கெஞ்சி றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனேன். பிள்ளையாருக்கு முன்னால் நின்று, "அப்பனே, அந்தப் பெட்டையள் என்ரை பிள்ளையை எடுக்கக் கூடாது. எடுக்காமல் விட்டால் நூற்றெட்டுத் தேங்காய் அடிப்பன்" என்று நேர்த்தி வைத்தேன். என்ன கும்பிட்டனீர் என்று இவர் கேட்டார். பிள்ளையின் படிப்புக்கு என்றேன். கோயில் வாசலிலேயே பொய்.

அப்படி வேண்டிவிட்டு வந்த நான்தான், அந்த மூன்று நாளும் அவளுடைய சட்டையை அயன் பண்ணிக் கொடுத்தேன். என் சின்னத் தோட்டையும் போட்டுவிட்டேன். முதல் நாள் போய் வந்தவள், மேசையில் இருந்து ஒரு வருடத்தில் கதைக்காததை எல்லாம் கதைத்தாள். கதவைத் திறந்ததும் பெட்டைகள் வரிசையில் நின்று கைதட்டிப் பாடுவார்களாம். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் இருத்தி, என்ன படிக்கிறாய், லீவுக்கு என்ன செய்தாய் என்று விசாரிப்பார்களாம். கதை சூடுபிடிக்கிற நேரம் மணி அடிக்குமாம், எழும்பி அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டுமாம். மூன்றாவது வீட்டில் கேத்தரின் என்று ஒரு பெட்டை. வடக்கே ஏதோ சின்ன ஊர்.

"அவளும் முதல் வருசம் தனியத்தான் சாப்பிட்டவளாம், அம்மா" என்று சொல்லிக்கொண்டே தர்சினி இரண்டாம் தரம் சோறு போட்டாள். அவள் சாப்பிடுகிறாள் என்ற சந்தோஷத்தில் அவள் சொன்னதை நான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஒரு பெட்டை இங்கிலீஷில் தர்சினியைக் கேட்டாள். எடுத்துவிட்டார்கள், பிள்ளை போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். போனைக் கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தர்சினி "தாங்க் யூ" என்று மட்டும் சொன்னாள். ஒரு வீடும் எடுக்காத பிள்ளைகளுக்குத்தான் முன்கூட்டியே போன் வருமாம், மற்றவர்களோடு வந்து நின்று வெட்கப்படக் கூடாது என்பதற்காக. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை ஒளிக்காமல் உங்களிடம் சொல்ல வேண்டும்.

அடுத்த கிழமை நேர்த்தி தீர்க்கப் போனோம். தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காய் கார் டிக்கி நிறையக் கிடந்தது. இவர் எடுத்துத் தர நான் அடித்தேன். தர்சினியும் குனிந்து இரண்டு மூன்று எடுத்துத் தந்தாள். அவள் முகம் வாடித்தான் இருந்தது, ஆனாலும் உதவிக்கு வந்தாள்.

"அம்மா, இவ்வளவு தேங்காயும் என்னத்துக்கு நேர்ந்தனீங்கள்?"

"உன்ரை படிப்புக்குத்தான்" என்றார் இவர்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டேன். கையில் இருந்த தேங்காயை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, அவள் போய்க் காருக்குள் இருந்தாள். நேர்த்தியை அரைவாசியில் விடக் கூடாது என்று மிச்சத்தையும் அடித்து முடித்தேன். அப்படி அழுதுகொண்டு தேங்காய் அடித்தவள் அந்தக் கோயிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று தொடங்கியது அந்தப் பதினாறு நாள்.

தகப்பனோடு மட்டும் கதைப்பாள். இவர்தான் எனக்கு வந்து சொன்னார். முதல் வருடம் முழுக்க அவள் படிக்கட்டில் இருந்து தனியே சாப்பிட்டாளாம். கதைக்க ஒரு ஆள் இல்லையாம். தைக்குப் பிறகு தனி அறை எடுத்துக்கொண்டு போய்விடப் போகிறாளாம்.

"நீர் பயந்தது நடக்கப் போகுது" என்றார். அவர் குத்திச் சொல்லவில்லை, அவருக்கும் குரல் உடைந்தது.

அதன் பிறகு நான் நேர்த்தி ஒன்றும் வைக்கவில்லை. வைக்க எனக்கு என்ன முகம் இருக்கிறது. பக்டறியில் பெல்ற்றில் பாண் வந்துகொண்டிருக்கும். கை தன் பாட்டுக்குப் பக் பண்ணும், வாய் முணுமுணுக்கும். "பிள்ளையாரப்பா, கேக்கத் தெரியாமல் கேட்டிட்டன். என்ரை பிள்ளைக்கு ஒரு சிநேகிதியைத் தா. அவள் வீட்டை விட்டுப் போனாலும் பரவாயில்லை, தனியப் போகாமல் பாத்துக்கொள்." ஒவ்வொரு நாளும் இதுதான். கடைசி வசனம் முதல் சில நாள் வாயால் மட்டும்தான் வந்தது. பிறகு மனதோடு வந்தது.

பதினாறாம் நாள் பின்னேரம், வேலையால் வந்து தேத்தண்ணி போடுகிறேன், போன். "திஸ் இஸ் கேத்தரின்" என்றது குரல். அவள் கடகடவென்று சொன்னதில் எனக்குப் பாதிதான் விளங்கியது. தர்சினியை எடுக்க வேண்டும் என்றுதான் அவள் நின்றாளாம், மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லையாம், அது மனதில் கிடந்து உறுத்துகிறதாம். சங்கக் கதையை விட்டுவிட்டு, சும்மா சிநேகிதியாக இருக்க முடியுமா என்று கேட்கத்தான் போன் எடுத்தாளாம்.

ஒரு மாதத்துக்கு முந்தியென்றால், "ராங் நம்பர்" என்று வைத்திருப்பேன். அன்றைக்கு என் இங்கிலீஷ் முழுவதையும் கூட்டிச் சேர்த்தேன்.

"யூ கம் ஹோம். சற்றடே. ஈற்" என்றேன். விலாசத்தையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தேன். போனை வைத்த பிறகுதான், மகளைக் கேட்காமல் மறுபடியும் ஒரு வேலை பார்த்துவிட்டேன் என்று உறைத்தது.

தர்சினி வந்தாள். சப்பாத்தைக் கழற்ற முதலே சொல்லிவிட்டேன். "கேத்தரின் போன் எடுத்தவள். உன்னோடை சிநேகிதமாய் இருக்கப் போறாளாம். சனிக்கிழமை சாப்பிட வரச் சொல்லிப்போட்டன். உனக்கு விருப்பமில்லையெண்டால் நானே எடுத்து வேண்டாமெண்டு சொல்லுறன்."

அவள் ஒரு சப்பாத்தோடு நின்றாள். கண் கலங்கியது. பிறகு வாயைத் திறந்தாள்.

"அம்மா, அவள் உறைப்புச் சாப்பிட மாட்டாள். நீங்கள் பாட்டுக்குத் தூளைக் கொட்டிப்போடாதேங்கோ."

பதினாறு நாளைக்குப் பிறகு என் பிள்ளை என்னோடு பேசிய முதல் பேச்சு அது. நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். "மன்னிச்சுக்கொள்ளடி" என்றேன். "சரி, விடுங்கோ" என்று அவளும் அழுதாள்.

கேத்தரின் வந்தாள். தூள் குறைத்த கத்தரிக்காய்க் கறிக்கே மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் குசினியில் சிரித்த சிரிப்பை, நான் காரணமே இல்லாமல் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்று கேட்டேன். தனி அறைக் கதை அதோடு நின்றது. மறு வருடம் இருவரும் சேர்ந்து யூனிவர்சிற்றிக்குக் கிட்ட இரண்டு அறை எடுத்தார்கள். மூன்றாம் மாடிக்கு றைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு ஏறியவள் நான்தான். மூச்சு வாங்கியதே தவிர, மனம் நோகவில்லை.

அடியார்களே, உங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டாயம் பிள்ளையாரிடம் கேளுங்கள். அதற்கு முதல் பிள்ளையையும் ஒருக்கால் கூப்பிட்டு இருத்தி, என்ன வேண்டும் என்று கேளுங்கள். நான் மகளுக்கு எதிராகக் கேட்டதையும் அவர் தந்தார், மகளுக்காகக் கேட்டதையும் தந்தார். அவர் தருவார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால்தான் இப்போதெல்லாம் யோசித்துக் கேட்கிறேன்.