தூது வந்த பிள்ளைகள்

சுவிஸில, லோசானில ஒரு மியூசியத்தில காவலுக்கு நிக்கிறதுதான் என்ர வேலை. போன மாரிக் கண்காட்சியில எனக்குக் கிடைச்ச அறையில ஒரு சின்னப் பெடியன்ர படம் மாட்டியிருந்தது. வியட்நாம் அரசன்ர மூத்த பிள்ளை. ஏழு வயசு. தலைப்பாகையும் பட்டுமா பெரிய மனுசன் மாதிரி நிக்கிறான். ஆட்சி பறிபோன தகப்பன் இவனை ஒரு பாதிரியாரோட கப்பலேத்தி, பிரான்ஸ் அரசனிட்டப் படை கேட்டு அனுப்பினவராம். அரண்மனையில எல்லாரும் பிள்ளையைக் கொஞ்சினவையாம். ஒப்பந்தமும் கையெழுத்தாச்சாம். அந்த அரசன்ர படை மட்டும் வரேல்லை.

நாள் முழுக்க ஒரே முகத்தைப் பாத்துக்கொண்டு நிண்டால் ஆருக்கும் விசர் பிடிக்கும். எனக்குக் கோவம்தான் வந்தது. அவனில இல்லை, அனுப்பினவையில. என்னையும் எட்டு வயசில யாழ்ப்பாணத்தில இருந்து அனுப்பினவை, அம்மான்ர தம்பியோட. "நீ முதல் போ ராசா, பிறகு எங்களைக் கூப்பிடு" எண்டு அப்பா சொல்லித்தான் விட்டவர்.

வழி முழுக்க மாமா ஒண்டையே பாடமாக்க வைச்சார். "நான் ஆரெண்டு கேட்டால் அப்பா எண்டு சொல்லு. மாமா எண்டால் ரெண்டு பேரையும் பிரிச்சுப்போடுவாங்கள்." இஞ்ச அகதி விசாரணையில ஒரு மனுசி மொழிபெயர்ப்பாளரை வைச்சுக் கேட்டவ. நான் மாமான்ர கையைப் பிடிச்சுக்கொண்டு "அப்பா" எண்டன். கொஞ்சமும் தடக்குப்படேல்லை. கெட்டிக்காரன் எண்டு மாமா சொக்கிலேட் வாங்கித் தந்தவர்.

அந்த ஒரு சொல்லோட அப்பாவுக்குக் கதவு பூட்டுப்பட்டுப் போச்சு. பதிவுக் கடுதாசியில எனக்கு ஏற்கெனவே ஒரு அப்பா இருக்கிறார், பிறகு இன்னொருத்தரை எப்பிடிக் கூப்பிடுறது? உண்மையைச் சொன்னால் மாமான்ர விசாவும் போகும், என்ரயும் போகும். வளந்தாப் பிறகு ரெண்டு தரம் ஊருக்குப் போய்ப் பாத்தனான். ஒவ்வொரு வருசமும் போனில அப்பா "அலுவல் எந்தளவில ராசா?" எண்டு கேப்பார். "பாக்கிறன் அப்பா" எண்டுவன். முப்பது வருசமாப் பாத்தன்.

அந்தக் கண்காட்சி நடக்கேக்க ஒருநாள் காலமை பஸ்ஸுக்கு நிண்டனான், அம்மா போன் எடுத்தவ. அப்பா போயிட்டார். "ரெண்டு நாள் வைச்சிருப்பம். கொள்ளி வைக்க வருவியோ?" எண்டு கேட்டவ. "லீவு கேட்டுப் பாக்கிறன்" எண்டன். அழுகை வரேல்லை. பஸ் வந்தது, ஏறினன்.

என்ர வருச லீவு எப்பவோ முடிஞ்சுது. மேலதிகாரி நல்ல மனுசி. ஆர் செத்தது எண்டு கேட்டவ. தகப்பன் எண்டால் ஒரு கிழமை தருவினம், ஆனால் மரணச் சான்றிதழில இருக்கிற பேர் என்ர பதிவில இருக்கிற தகப்பன்ர பேராயிருக்க வேணும். "மாமா" எண்டன். அதுவும் தடக்குப்படேல்லை. மாமாவுக்கு ஒரு நாள். ஒரு நாளில யாழ்ப்பாணம் போய் வரேலுமோ? வேலையைத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் போயிருக்கலாம். நான் போகேல்லை.

அந்த ஒரு நாள் முழுக்க மாமாவுக்குப் பக்கத்தில சோபாவில இருந்து போனில செத்தவீடு பாத்தன். சித்தப்பான்ர மகன் கொள்ளி வைச்சான். மாமா குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் போனில சார்ஜ் எவ்வளவு கிடக்கெண்டு பாத்துக்கொண்டிருந்தன்.

அடுத்த நாள் திரும்பவும் அந்தப் பெடியனுக்கு முன்னால நிண்டன். அவன் வருசக்கணக்குக்குப் பிறகு கிறிஸ்தவ வேதத்தோட திரும்பிப்போய், முன்னோரின்ர பீடத்துக்கு முன்னால விழுந்து கும்பிட மாட்டன் எண்டு நிண்டவனாம். தகப்பன் நொந்துபோனாராம். போடா! நீயாவது தகப்பனுக்கு முன்னால நிண்டு மாட்டன் எண்டாய்.

மத்தியானம் மேலதிகாரி வந்து என்ர கையைப் பிடிச்சவ.

"உங்கட அப்பாவுக்கும் என்ர அனுதாபத்தைச் சொல்லுங்கோ. அவருக்கும் கவலையா இருக்கும்."

"மெர்சி, சொல்லுறன்."

பின்னேரம் வீட்டை போய், சப்பாத்தைக் கழட்ட முதலே, மாமாவிட்ட அதை அப்பிடியே சொன்னன்.