தீ நின்ற ஓரம்: திருவண்ணாமலைச் சரிவில் எங்கள் எம்.எஸ்ஸி. ஆய்வு

போன வாரம் கல்லூரி மாணவி ஒருத்தி எழுதிக் கேட்டிருந்தாள்: "நிலப்பரப்புச் சூழலியல் படிக்கிறேன். களப்பணிக்குத் திருவண்ணாமலை சரிப்பட்டு வருமா?" வரும். எண்பதுகளின் தொடக்கத்தில், சென்னையில் தாவரவியல் எம்.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்தபோது, நானும் மும்தாஜும் அங்கேதான் ஆய்வு செய்தோம். அந்தப் பாடம் அப்போது எங்களுக்கு ஒரே ஒரு அத்தியாயம். மலை, புதர், வயல், ஏரி எல்லாவற்றையும் ஒரே பரப்பாகப் பார்த்து, ஒன்று மற்றொன்றை எப்படி மாற்றுகிறது என்று படிப்பது. "செடியை மட்டும் பார்க்காதீங்க, ரெண்டு செடிக்கு நடுவுல இருக்கிற இடத்தையும் பாருங்க" என்பார் எங்கள் பேராசிரியை.

மும்தாஜுக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தேரடித் தெருப் பக்கம் இரும்புக் கடை. தங்க இடமும் சாப்பாடும் இருந்ததால் ஊரைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய யோசனை இருக்கவில்லை. மழை முடிந்ததும் ஒரு முறை போய், அடி அண்ணாமலைக்கு மேலே வடமேற்குச் சரிவில் பன்னிரண்டு சதுரங்களைக் குறித்துச் செடிகளை எண்ணிவிட்டு வந்தோம். அன்று மலையில் மரம் என்று சொல்ல அதிகம் இல்லை. இடுப்புயரப் புல்லும் பாறையும்தான். கோடை தொடங்கும்போது மறுபடி எண்ணி, என்ன மாறியிருக்கிறது என்று எழுத வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது பயணத்தைப் பற்றியது.

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். அன்றைய பேருந்தில் ஐந்தரை மணி நேரம் ஆனது. (டிக்கெட் எவ்வளவு என்று சத்தியமாக நினைவில்லை.) கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் மலை முழுசாகத் தெரியும். ஜன்னலோரம் இருந்த மும்தாஜ் என் கையைப் பிடித்தாள். மலையின் வலது பக்கம் கறுப்பாக இருந்தது.

"மேக நிழல்டி" என்றேன்.

"மேகம் எங்க இருக்கு?"

ஊர் வந்ததும் நேரே கடைக்குப் போனோம். கடையிலிருந்த அவள் அத்தா, "முந்தாநாள் புடிச்சிதும்மா. காத்து ஜாஸ்தி, ரெண்டு நாளா எரிஞ்சிது" என்றார். யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

மறுநாள் காலை டவுன் பஸ் பிடித்து அடி அண்ணாமலையில் இறங்கி ஏறினோம். காலடியில் சாம்பல் புகைந்து எழுந்தது. முதல் சதுரம் இல்லை. இரண்டாவதும் இல்லை. குறித்துவைத்த மர முளைகள்கூடக் கரிந்து போயிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு மாதம்கூட இல்லை. சென்னைக்குத் திரும்பி, ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய வேறு தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றேன்.

கீழே ஒரு பாறையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் கன்னியம்மா. கூரை வேய்கிற புல்லை அறுத்து விற்பவர். "உங்களுக்கு இன்னாம்மா போச்சு?" என்று கேட்டார். எங்கள் சதுரங்களைப் பற்றிச் சொன்னேன். "எங்களுக்கு ஒரு வருசத்துப் புல்லு போச்சு" என்றார். அதற்குமேல் என் அழுகையைத் தொடர எனக்கே கூச்சமாக இருந்தது.

மும்தாஜ் இதற்குள் மேலே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து கூப்பிட்டாள். ஏறிப் போனால், அவள் ஒரு கால் கரியிலும் ஒரு கால் புல்லிலும் வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"தீ இங்க நின்னிருக்கு பாரு. ஏன் நின்னுச்சு?"

ஏற்கெனவே புல் அறுத்துத் தரையோடு மழித்திருந்த ஒரு பட்டை அங்கே ஓடியது. இன்னும் தள்ளி, ஆடு மேய்ந்து மொட்டையான திட்டில் தீ நின்றிருந்தது. ஓடையின் ஈரத்திலும் நின்றிருந்தது. புல் தொடர்ச்சியாக இருந்த இடத்தில் மட்டும் ஒரே ஓட்டமாக ஓடியிருந்தது.

"நம்ம தலைப்பு எரிஞ்சுபோகலடி" என்றாள். "இதத்தான அந்த அத்தியாயத்துல படிச்சோம்? எது எது பக்கத்துல இருக்கோ, அதப் பொறுத்துத்தான் எல்லாம் நடக்குது."

அழுதுகொண்டிருந்த எனக்கு அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பெருமையாக இருந்தது. அடுத்த நான்கு நாளும் தீயின் விளிம்பைப் பிடித்தபடியே நடந்தோம். திசைகாட்டி அவள் கையில், அளவுக் கயிறு என் கையில். மாலையில் வீட்டுக்குப் போனால் அவள் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "படிக்கப் போறீங்களா, கரி வியாபாரத்துக்குப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார்.

கடைசி நாள் மதியம் பேருந்து ஏற வேண்டியவர்கள். கிளம்பலாம் என்று சொன்னால் மும்தாஜ் கேட்கவில்லை. புல் அறுக்கிறவர்களை அடி அண்ணாமலைக் கோயில் பக்கத்து மண்டபத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். தரையில் கரித்துண்டால் மலையை வரைந்து, தீ ஓடிய இடத்தையும் நின்ற இடத்தையும் காட்டினாள். கோடைக்கு முன்னாலேயே குறுக்கே மூன்று பட்டை அறுத்துவிட்டால் முழுச் சரிவும் எரியாது என்றாள்.

"பச்சையா அறுத்தா வெல கம்மியாத்தான வரும்?" என்றார் கன்னியம்மா.

"கம்மிதாங்க. ஆனா மீதி நிக்கும்."

"யார் பங்குல பட்டை போவுது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். சரிவை ஆளுக்கொரு பங்காகப் பிரித்து அறுப்பவர்கள் அவர்கள். அவ்வளவுதான், சண்டை தொடங்கிவிட்டது. மும்தாஜ், "அத நீங்கதாங்க பேசி முடிக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தாள். நாங்கள் கிளம்பும்போதும் சத்தம் ஓயவில்லை.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், "சதுரமே எரிஞ்சுபோச்சு, அப்புறம் எதை ஆராய்ச்சி பண்ணீங்க?" என்று கேட்டார். மும்தாஜ் எங்கள் வரைபடத்தை மேசைமேல் விரித்து விளக்கத் தொடங்கினாள். சற்று நேரத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து, குனிந்து பார்க்க ஆரம்பித்தார். இருவரும் தேறினோம்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. களப்பணிக்கு மழை முடிந்த மாதங்கள் நல்லது. மாசி பிறந்தால் பாறை கொதிக்கும்; காலை பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். மலை ஏற இன்று வனத்துறை அனுமதி வேண்டும், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். எங்கள் காலத்தில் வெறும் காடாகக் கிடந்த வேங்கிக்கால் பக்கம் இப்போது கலெக்டர் ஆபீசே இருக்கிறது; தங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. பௌர்ணமியைத் தவிருங்கள். ஏற முடியாவிட்டாலும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையைப் பகலில் ஒரு முறை நடந்தால் போதும். மலையின் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது, எந்தப் பக்கம் மரம் பிடித்திருக்கிறது என்று கண்ணாலேயே படிக்கலாம். முக்கியமாக, நீங்கள் குறித்த இடம் காணாமல் போனால் உடனே ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

எங்கள் ஆய்வு முடிந்த மறு வருடம் கோடையில், சென்னையில் வேலையிலிருந்த நான் லீவு போட்டுவிட்டு அங்கே போனேன். அந்த வருடமும் தீ வந்திருந்தது. அடி அண்ணாமலையில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். மேல்சரிவு கறுப்பு. அதற்குக் கீழே கத்தரித்த மாதிரி ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே புல் மஞ்சளாக நின்றது. கன்னியம்மா தலையில் புல்கட்டோடு இறங்கி வந்தார்.

"ரெண்டு பட்டைதான் அறுத்தோம். மூணாவதுக்குச் சண்ட தீரல" என்றார். பிறகு மேலே கை காட்டினார். "உன் கூட்டாளி காலையிலயே வந்துட்டா."

மும்தாஜ் கரி விளிம்பில் குந்தியிருந்தாள். நான் கையை அசைத்ததும் எழுந்தாள். பாராட்டலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே கத்தினாள்:

"ஒரு எடத்துல பட்டையத் தாண்டியிருக்குடி! சீக்கிரம் வா, எப்படித் தாண்டுச்சுனு பாக்கலாம்!"